வராதே என்றதும் வா என்றதும்

நகரசபையில் எனக்குக் கிடைத்தது முறைப்பாட்டு மேசை. தெருவிளக்கு எரியவில்லை, கழிவுநீர்க் கான் அடைத்துவிட்டது, ஒழுங்கைக்குள் செத்த நாய் கிடக்கிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஊர்க்கதை எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். மற்றவற்றுக்கெல்லாம் ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்ப வேண்டும். தண்ணீருக்கு மட்டும் அந்த இடத்திலேயே பதில் சொல்லிவிடலாம். யன்னலால் எட்டிப் பார்த்து, முற்றத்தில் நிற்கும் கதிராமன் அண்ணரைக் கூப்பிட்டால் போதும்.

அவர் சபையின் தண்ணீர்த் தொட்டி வண்டியான பவுசரின் சாரதி. சம்பூரில் பிறந்து, சின்ன வயதிலேயே துறைமுகப் பக்கம் கூலி வேலைக்கு வந்து, பிறகு சபையில் சேர்ந்து, திருகோணமலையில் மூலை முடுக்கெல்லாம் பவுசரைக் கொண்டுபோய்த் திருப்பத் தெரிந்தவர். நெடிய ஆள். அதிகம் கதைக்கமாட்டார். கூட வேலை செய்த ஆதம்பாவாவோ வாய் மூடாத மனிதர். குழாய் பிடிப்பதும் வரிசையில் நிற்கும் பெண்களின் சண்டையைத் தீர்ப்பதும் ஆதம்பாவாவின் பொறுப்பு. அவர் மூதூர்க்காரர். வாரநாட்களில் திருகோணமலை ரவுனில் தங்கி, வெள்ளி பின்னேரம் துறைமுகத்தின் அந்தக் கரைக்குப் போகும் லோஞ்சுப் படகில் ஏறி மனைவி சுபைதாவிடமும் இரண்டு மகள்மாரிடமும் போய்வருவார்.

பவுசர் வேலை வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குச் சும்மா தண்ணீர் ஊற்றுகிற வேலை. விடிந்ததும் ஆஸ்பத்திரி, பிறகு கிணறெல்லாம் உவர்ந்துபோன கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகள், பிறகு பள்ளிக்கூடங்கள், பிறகு கலியாண வீடு, செத்தவீடு. கலியாண வீட்டுக்காரர் முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். செத்தவீட்டுக்கு அந்த விதி இல்லை. யாராவது வந்து சொன்னாலே போதும். செத்தவீட்டுக்குப் போனால் கதிராமன் அண்ணர் பவுசரைச் சந்தியிலேயே நிறுத்திவிட்டு நடந்துபோய், எங்கே தண்ணீர் இறக்குவது என்று மெதுவாகக் கேட்டு வருவார். ஹோர்ன் அடிக்கமாட்டார்.

ஒவ்வொரு ஆமிச் சென்ரியிலும் இறங்கி அடையாள அட்டை காட்டவேண்டும். சில நாட்களில் தொட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே தடி விட்டுப் பார்ப்பார்கள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தால், அந்தத் தண்ணீரை மரங்களுக்கு விட்டுவிட்டு மறுபடி நிரப்பிக்கொண்டு போவார். பிந்திவிட்டது என்று முறைப்பாடு என்னிடம் வரும். நான் அவரிடம் கேட்டால், "ஓம் பிள்ளை, பிந்திப்போச்சு" என்பார். ஏன் பிந்தியது என்று ஆதம்பாவாதான் எனக்குச் சொல்லுவார்.

அவருடைய மனைவி ஞானமணி அக்காவை நான் முதலில் குரலாகத்தான் அறிந்தேன். பாலையூற்றில் அவர்கள் இருந்த வீட்டில் தொலைபேசி இல்லை. கடையிலிருந்து என் மேசைக்கு எடுப்பா. ஒரு சாமான் வாங்கிவரச் சொல்லத்தான் எடுப்பா, ஆனால் அதற்கு முன் என் அம்மாவின் முழங்கால் வலி, நான் காலையில் என்ன சாப்பிட்டேன் என்பதெல்லாம் விசாரித்து முடிப்பா. சிரித்தால் தொலைபேசி வாங்கியைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவேண்டும். அவரும் இவவும் எப்படிச் சோடி சேர்ந்தார்கள் என்று நான் யோசித்திருக்கிறேன்.

ஞானமணி அக்காவின் தாய் வேளைக்கே இறந்துபோனா. கலியாணம் முடிந்து புருசன் வீட்டுக்கு வந்த அன்று, கையில் தன் சின்னத் தங்கை குணமணியையும் பிடித்துக்கொண்டு வந்தாவாம். பார்க்க ஆளில்லை, விட்டுவிட்டு வர ஏலாது என்று சொன்னாவாம். கதிராமன் அண்ணர் ஒன்றும் கேட்காமல், பிள்ளைக்கென்று ஒரு பாயை வாங்கிக்கொண்டு வந்து போட்டாராம். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. குணமணிதான் பிள்ளை. அவளைப் படிப்பித்து, சம்பூரிலேயே வயல் செய்யும் ஒரு கமக்காரப் பையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். குணமணிக்கும் கருத் தங்காமல் தங்காமல் போய், ஒருவழியாக நின்றது. அந்தச் செய்தி வந்த அன்று ஞானமணி அக்கா என்னிடம் தொலைபேசியில் சிரிக்கவில்லை. அழுதா.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு பங்குனி முடிவில், தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காக ஞானமணி அக்கா லோஞ்சு ஏறி மூதூருக்குப் போய், அங்கிருந்து சென்ரி கடந்து, அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த சம்பூருக்குப் போனா. பிள்ளை பிறந்து, முப்பத்தோராம் நாள் தொடக்குக் கழித்தபின் வருவதாகப் பேச்சு.

சித்திரை வருசத்துக்கு முதல்நாள் போல, சாமான் வாங்கச் சனம் நெருங்கி நின்ற நேரம் சந்தையில் குண்டு வெடித்தது. அதன் பிறகு கடைகளும் வீடுகளும் எரிந்தன. அணைக்கத் தண்ணீர் வேண்டும் என்று கதிராமன் அண்ணரும் ஆதம்பாவாவும் எரிகிற தெருவுக்கும் குழாய்க்குமாக ஓடினார்கள். நெருப்பு அடங்கியதும் சந்தைத் தெருவைக் கழுவும் வேலையும் அவர்களுக்கே வந்தது. காய்கறிகளும் செருப்புகளும் இரத்தமுமாகக் கிடந்த தெருவை அவர் கழுவினார். தெரு துப்புரவாக்குவது சபையின் நாளாந்த வேலைதான். 

அலுவலகம் திரும்பத் திறந்த அன்று ஞானமணி அக்கா மூதூரிலிருந்து எடுத்தா. ரவுன் எரிகிறது என்று கேள்விப்பட்டு, புருசனைப் பார்க்க அடுத்த லோஞ்சில் ஏறுவதற்கென்றே மூதூருக்கு வந்திருந்தா. கதிராமன் அண்ணர் என் மேசையருகே நின்று வாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதைத்தார்.

"மணி, நீ இப்ப வராதை. இஞ்ச சரியில்லை. திரும்பிப் போ. பிள்ளை பிறக்கட்டும்."

அந்தப் பக்கத்தில் அவ ஏதோ சொன்னா. "நான் சமைச்சுச் சாப்பிடுவன்" என்றார். இன்னும் ஏதோ சொன்னா. "எனக்கு ஒண்டுமில்லை. நீ வராதை" என்று திரும்பவும் சொன்னார். அவ திரும்பிச் சம்பூருக்குப் போனா.

பிள்ளை பிறந்து தொட்டிலில் கிடத்தக்கூட இல்லை, விமானங்கள் வந்தன. துறைமுகத்துக்கு இந்தக் கரையில் நின்ற எங்களுக்கு அந்தக் கரையில் குண்டு விழுவது கேட்கும். பிறகு புகை தெரியும். கதிராமன் அண்ணர் உட்துறைமுக வீதியில் பவுசரை நிறுத்தி, புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்ப்பாராம். மனைவியை அங்கே நிற்கச் சொன்னது அவர்தான்.  வழமைபோலத் தண்ணீர் கொண்டு திரிந்தார். ஆஸ்பத்திரிக்கு முன்னையைவிடக் கூடுதலாகத் தண்ணீர் தேவைப்பட்டது.

சில வாரங்களின் பின் அவ மூதூருக்கு வந்து எடுத்தா. பெண்பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம், குண்டு விழுந்தபோது வளவுக்குள் வெட்டிய குழிக்குள் இருந்ததாகச் சொன்னா. அவருக்குச் சொல்லமுதல் என்னிடம்தான் சொன்னா. "தங்கச்சி, மூக்கு எங்கட அம்மான்ர மூக்கு. அப்பிடியே இருக்கு." குணமணி பால் வற்றி மெலிந்துபோயிருப்பதால் உடனே வர ஏலாது என்றா. அவரும் கட்டாயப்படுத்தவில்லை. அதன் பிறகு சென்ரி திறந்திருக்கும் நாட்களில், வேறு அலுவலாக மூதூருக்கு வருகிறவர்களிடம் சொல்லியனுப்புவா. அவரும் இங்கிருந்து பால்மாவும் பிள்ளைக்குச் சட்டையும் ஆதம்பாவாவிடம் கொடுத்து அனுப்புவார். சட்டையின் அளவு அவருக்குத் தெரியாது. என்னைத்தான் கேட்டார். நான் கையால் காட்டினேன்.

ஆடி மாதக் கடைசியில் மாவிலாற்றுப் பக்கம் சண்டை தொடங்கியது. விமானங்கள் ஒவ்வொரு நாளும் தெற்கே போயின. இனிப் பாதை பூட்டிவிடும், பிறகு எப்போது திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது என்று ரவுனில் எல்லோரும் கதைத்தார்கள். சம்பள அலுவலாக வந்திருந்த ஒரு சம்பூர் வாத்தியாரைக் கதிராமன் அண்ணர் தேடிப்பிடித்து, ஞானமணியை உடனே வெளிக்கிடச் சொல்லுங்கோ, குணமணியையும் பிள்ளையையும் அவளுடைய புருசன் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பினார்.

திங்கட்கிழமை பின்னேரம், அலுவலகம் பூட்டும் நேரம் என் தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, மூதூருக்கு வந்திட்டன். லோஞ்சு போயிட்டுது. நாளைக்குக் காலமை முதல் லோஞ்சில வாறன் எண்டு சொல்லுங்கோ."

கதிராமன் அண்ணர் முற்றத்தில் பவுசருக்கு அடியில் படுத்து ஏதோ திருத்திக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டதும் எண்ணெய்க் கையோடு ஓடிவந்தார். வாங்கியில் எண்ணெய் பட்டுவிடும் என்று நான் என் கைலேஞ்சியைக் கொடுத்தேன். அவ அழுதுகொண்டு கதைத்திருக்கவேண்டும். இவர், "பிள்ளை அழாமல் என்ன செய்யும், மணி. பிறகு நாங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வருவம்" என்றார். பிறகு, "ஆதம்பாவா வீட்டை போய் நில்லு. சுபைதா இருக்கிறா" என்றார். அவ்வளவுதான்.

செவ்வாய் காலை அவர் லோஞ்சு வரும் ஜெற்றிக்குப் போகும்போது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கடற்படைக்காரர்கள் ஒருவரையும் உள்ளே விடவில்லை. அன்று லோஞ்சு ஓடவில்லை. மறுநாள் விடியும்போது மூதூருக்குள்ளேயே சண்டை. ஷெல் சத்தம் துறைமுகத்தைக் கடந்து எங்கள் யன்னல்களை அதிரவைத்தது. மூதூர் தொலைபேசிகள் எல்லாம் செத்துவிட்டன.

அந்த நாட்களில் பவுசரின் முன்சீற்றில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு பேருடைய மனைவிமாரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். உயிரோடு இருக்கிறார்களா என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஆதம்பாவா கதையை நிறுத்திவிட்டார். வழியில் பள்ளிவாசல் வந்தால் இறங்கித் தொழுதுவிட்டு வருவார். கதிராமன் அண்ணர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். காளி கோயில் வந்தால் இவர் இறங்குவார், அவர் காத்திருப்பார். தண்ணீர் ஒரு நாளும் பிந்தவில்லை.

மூதூர்ச் சனம் எல்லாம் நடந்து கந்தளாய்க்கு வந்துகொண்டிருக்கிறது என்ற செய்தி வந்தது. பள்ளிக்கூடங்களிலும் மரங்களின் கீழும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், குடிக்கத் தண்ணீர் கொண்டு திரிய வண்டி போதாது, உங்கள் பவுசரை அனுப்பமுடியுமா என்று மாவட்டச் செயலகமான கச்சேரியிலிருந்து கேட்டார்கள். எங்கள் சபைச் செயலாளர் யாரை அனுப்புவது என்று கேட்டு முடிக்கமுதல் அவர்கள் இருவரும் வண்டியில் ஏறிவிட்டார்கள்.

அதற்குப் பின் நடந்ததை ஆதம்பாவாவும் சுபைதாவும் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கந்தளாயில் பவுசரை நிரப்பிக்கொண்டு இரண்டாவது பள்ளிக்கூடத்துக்குள் திருப்பும்போதே ஆதம்பாவாவின் மூத்த மகள் வண்டியைக் கண்டுவிட்டாள். "வாப்பா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். ஆதம்பாவா ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தார். சுபைதா பின்னால் வந்தா. வந்தவ, சாரதி ஆசனத்தில் கதிராமன் அண்ணரைக் கண்டதும் அப்படியே நின்றா. பிறகு முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வகுப்பறைக்குள் போய்விட்டா.

அவர் அதைத் தவறாக எடுக்கவில்லை. நாலைந்து நாள் நடந்து, குளிக்காமல் கொள்ளாமல் இருக்கிற பொம்பிளை, அன்னிய ஆணைக் கண்டு கூச்சப்படுகிறா என்று நினைத்தார். குழாயைத் தானே எடுத்துத் தண்ணீர் விட்டார். ஆதம்பாவா பிள்ளைகளோடு இருக்கட்டும் என்று கூப்பிடவில்லை. வரிசையில் வந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தார். பொட்டு வைத்த முகம் ஒன்றும் இல்லை. ஞானமணி திரும்பிச் சம்பூருக்கே போயிருப்பா, பாதை பூட்டமுதல் போயிருப்பா என்று எண்ணிக்கொண்டார்.

திரும்பும் வழியில், "சுபைதா ஏதும் சொன்னவவோ?" என்று கேட்டார். ஆதம்பாவா வெளியே பார்த்துக்கொண்டு, "நாளைக்கு அவ உங்களோட கதைக்கோணும் எண்டு சொன்னா அண்ணன்" என்றார். கதிராமன் அண்ணர் மேலே கேட்கவில்லை. அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று ஆதம்பாவா சொன்னார். கியரை மாற்ற மறந்து, ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டதாம்.

மறுநாள் வரிசை முடிந்தபின் சுபைதா வந்தா. பவுசரின் நிழலில் நின்றா. இருக்கச் சொன்னபோதும் இருக்கவில்லை.

ஞானமணி அக்கா திங்கள் மாலை வந்து அவர்கள் வீட்டில்தான் நின்றிருக்கிறா. சண்டை வந்தபோது எல்லோருமாகப் பள்ளிக்கூடத்துக்குள் ஓடியிருக்கிறார்கள். அங்கே இருந்த நாட்களில், சுபைதாவின் சின்ன மகளை மடியில் போட்டு, காதைப் பொத்திக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறா. சனம் நடக்கத் தொடங்கியபோது அவவும் கூடவே நடந்தா. பொட்டை அழித்துவிட்டு முக்காடு போடச் சொன்னது சுபைதா. தமிழ் ஆள் என்று யாரும் மறிப்பார்களோ, அடிப்பார்களோ என்ற பயம். பச்சனூரைத் தாண்டி ஒரு மதகுக்குக் கிட்ட ஷெல் வந்து விழுந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சுபைதாவுக்குத் தெரியாது.

"சின்னவள அவதான் தூக்கிக்கொண்டு வந்தவ, அண்ணன். புள்ளைக்கு ஒரு கீறலும் இல்ல. அவ புள்ளைக்கு மேல கவுண்டு படுத்திட்டா."

கதிராமன் அண்ணர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்துக் கொளுவியில் போட்டார். பிறகு கேட்டார்: "கிடந்து வருத்தப்பட்டவவோ?"

"இல்ல அண்ணன். உடனயே."

"பிறகு?"

"விட்டுட்டு வர எங்களுக்கு மனம் வரல்ல. எங்கட ஆக்கள் நாலு பேர் மண்வெட்டி தேடி எடுத்து வெட்டினாங்க. உங்கட முறை எங்களுக்குத் தெரியாது. என்ர வெள்ளைப் புடவையால மூடினன். தாலியக் கழட்டி உங்களுக்குக் குடுக்கோணும் எண்டு சில பேர் சொன்னாங்க. புருசன் உசிரோட இருக்கிற பொம்புள. நான் கழட்ட விடல்ல, அண்ணன். பிழையெண்டா மன்னிச்சிக்கங்க."

அவர் தொட்டியின் மூடியைப் பூட்டினார். பிறகு, "நல்ல காரியம் செய்தனீங்கள், தங்கச்சி" என்றார்.

அதன் பிறகு அடுத்த பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனார். தான் ஓட்டுகிறேன் என்று ஆதம்பாவா சொன்னபோது, உனக்கு லைசன்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

திருகோணமலைக்கு வந்தபோது செய்தி அவருக்கு முன்னே வந்திருந்தது. செயலாளர் லீவு எடுக்கச் சொன்னார். வீட்டில் இருந்து என்ன செய்வது என்று கேட்டார். உறவினர்கள் வந்து, உடல் இல்லாவிட்டாலும் தர்ப்பையில் உருவம் செய்து எரித்து அந்தியேட்டி செய்யலாம், ஐயர் செய்து தருவார் என்றார்கள். அவர் சம்மதிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்டேன்.

"அவவை மூதூர்ச் சனம் மரியாதையா அடக்கினது, பிள்ளை. அதுகள் தங்கட உசிரைக் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டு அடக்கினது. இன்னொருக்கா எரிக்க ஏலாது."

குணமணியும் புருசனும் பிள்ளையும் சம்பூரை விட்டு வெருகல் ஆற்றைக் கடந்து, வாகரையில் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, கடைசியில் மட்டக்களப்பு முகாமொன்றுக்கு வந்து சேர்ந்தார்கள். மூன்று பேரும் உயிரோடு வந்தார்கள். அந்தச் செய்தி கிடைத்ததும் கதிராமன் அண்ணர் போய்ப் பார்த்தார். அக்காவுக்கு நடந்தது குணமணிக்கு அதுவரை தெரியாது. அக்கா ரவுனில் பத்திரமாக இருக்கிறா என்று நினைத்துத்தான் அவள் அத்தனை தூரமும் நடந்திருந்தாள். அத்தானுக்குப் பின்னால் அக்கா வருகிறாவா என்று எட்டிப் பார்த்தாளாம். சொன்னதும் தரையில் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்தபின் ஒன்று சொன்னாள்.

"அக்கா எங்களை விட்டிட்டுப் போகமாட்டன் எண்டுதான் நிண்டவ, அத்தான். நீங்கள் சொல்லியனுப்பினபடியால்தான் வெளிக்கிட்டவ."

அவர், "ஓம் பிள்ளை" என்றார்.

குணமணி அதற்குப் பிறகு ஒருநாளும் அதைச் சொல்லவில்லை. சொன்னதற்காகப் பல தடவை என்னிடம் வருந்தியிருக்கிறாள். மட்டக்களப்பால் திரும்பிவந்த மறுநாள் கதிராமன் அண்ணர் என் மேசைக்கு வந்தார். அன்றைக்கு எந்த ஒழுங்கைக்குப் போவது என்று கேட்க வந்தவர், கேட்காமல் நின்றார். தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வராதை எண்டும் நான்தான் சொன்னனான். வா எண்டும் நான்தான் சொன்னனான்" என்றார். "ரெண்டு முறையும் அவ சொல்லுக் கேட்டவ."

நான் முறைப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். திருக்கடலூருக்குப் போகவேண்டும் என்றேன். அவர் போனார்.

மூதூர்ச் சனம் திரும்பிப் போய்க் குடியிருந்து சில மாதங்களின் பின், அந்த இடத்தைக் காட்டுவதாகச் சுபைதா அவரைக் கூட்டிக்கொண்டு போனா. ஆதம்பாவாவும் போனார். பக்கத்தில் இரண்டு பாலை மரம் நின்றது என்பதுதான் அவ வைத்திருந்த அடையாளம். போய்ப் பார்த்தபோது பாலை மரம் ஒன்றும் இல்லை. காவலரண் கட்ட மரங்களை வெட்டியிருந்தார்கள். வீதியோரம் நீளத்துக்கு மண்ணை வழித்து எடுத்து அணை கட்டியிருந்தார்கள். மதகுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சுபைதாவுக்குத் தடுமாற்றம் வந்துவிட்டது. இங்கேதான் என்றா, பிறகு இல்லை, இன்னும் அங்கால என்றா. பிறகு வீதியிலேயே குந்தியிருந்து அழத் தொடங்கினா. சென்ரியில் நின்ற ஆமிப் பையன் வந்து, இங்கே நிற்க ஏலாது, போங்கள் என்று கையைக் காட்டினான். கதிராமன் அண்ணர் கொண்டுபோன பூவையும் கற்பூரத்தையும் பையோடு திருப்பிக் கொண்டுவந்தார். கொளுத்துவதற்கு இடம் தெரியவில்லை.

குணமணி குடும்பத்தைச் சம்பூருக்குப் போக விடவில்லை. ஊர் முழுவதையும் பாதுகாப்பு வலயம் என்று அடைத்துவிட்டார்கள். கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டில் ஒன்று கொடுத்தார்கள். ஒவ்வொரு மாதமும் கதிராமன் அண்ணர் லோஞ்சில் மூதூருக்குப் போய், அங்கிருந்து பஸ் எடுத்துக் கிளிவெட்டிக்குப் போவார். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, பிள்ளையின் இரண்டாவது பிறந்தநாளுக்கு என்னையும் வரச் சொன்னார். சட்டை அளவு சொன்னவள் நான்தானே என்றார்.

மூதூரில் இறங்கி ஆதம்பாவா வீட்டில் தேத்தண்ணீர் குடித்தோம். ஆண்கள் முன்னால் இருந்தார்கள். நான் குசினிக்குள் சுபைதாவோடு இருந்தேன். ஞானமணி அக்காவின் குரல் எனக்கு இன்னும் காதுக்குள் இருக்கிறது என்று நான் சொன்னேன். சுபைதா அடுப்புக்குள் விறகைத் தள்ளினா. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னா.

"அவருக்குப் பொய் சொன்னனான், தங்கச்சி. அவ உடனே மௌத்தாகல்ல. கன நேரம் இருந்தவ. தண்ணி கேட்டவ. எங்கட்ட ஒரு சொட்டும் இல்ல. நான் கூட்டத்துக்குள்ள ஒவ்வொருத்தரா ஓடிக் கேட்டன். ஒருத்தரிட்டயும் இல்ல. அவர் தண்ணி கொண்டு வாற மனிசன். எப்பிடிச் சொல்ற?"

சொல்லவேண்டாம் என்றேன். அவவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கதிராமன் அண்ணர் இப்போது இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உடனே போய்விட்டா, வருத்தப்படவில்லை என்ற நம்பிக்கையோடுதான் அவர் கண்ணை மூடினார்.

அன்று மூதூரிலிருந்து கிளிவெட்டிக்குப் போகிற பஸ்ஸில் சனம் குறைவு. எங்கள் இருவருக்கும் இருக்க இடம் கிடைத்தது. பிள்ளைக்கு வாங்கிய சட்டைப் பொதி அவர் மடியில் இருந்தது. வெயிலில் வயல்கள் காய்ந்து கிடந்தன. பின்சீற்றில் இரண்டு பேர் மாட்டு விலை கதைத்துக்கொண்டு வந்தார்கள். பச்சனூர்ப் பக்கம் வந்ததும் கதிராமன் அண்ணர் பொதியை என்னிடம் தந்துவிட்டு எழும்பினார். இறங்கப்போகிறார் என்று நினைத்து நானும் எழும்பப் பார்த்தேன். நீங்கள் இருங்கோ பிள்ளை என்று கையைக் காட்டினார். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி நின்றார்.

கொண்டக்டர் வந்து, "ஐயா, இடம் இருக்குத்தானே, இருங்கோவன்" என்றான்.

"பரவாயில்லை தம்பி, நிக்கிறன்" என்றார்.

பிறகு எனக்குப் பக்கமாகக் குனிந்து, அவனுக்குக் கேட்காமல் சொன்னார்: "எந்த இடம் எண்டு தெரியாது பிள்ளை. அதுதான் இது முழுக்க நிக்கிறனான்."

மதகு வந்தது. அதையும் கடந்து, மண் அணை முடிகிற இடமும் போய், பற்றைக் காடு தொடங்கியது. அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.